அதே கை

அதைச் செய்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டியிருக்காது.

‘நின்ற இடம்’ விளையாட்டை உங்களில் பலர் விளையாடியிருப்பீர்கள். பூமி முழுவதையும் மூன்று மீட்டர் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்திருந்தோம். ஒரு சதுரத்தில் நேரில் போய் நின்று படம் எடுத்து ஏற்றினால் அது உங்களுடையது. வேறொருவர் அங்கே நின்று புதிய படம் எடுக்கும்வரை நீங்கள்தான் அதற்கு ராஜா. துபாயில் இருக்கும் ஒருவர் எண்களைக் கொடுத்து, “நான் படித்த பள்ளிக்கூடத்து வாசல் எப்படி இருக்கிறது?” என்று கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் யாராவது போய் நின்று காட்டுவார். பழைய படங்களையும் ஏற்றலாம். கைபேசிப் படத்துக்குள்ளேயே எடுத்த இடமும் நேரமும் இருக்குமே. படத்தில் முகம் தெரிந்தால் இயந்திரம் தானாகவே அழித்துவிடும். வண்டி எண், கதவு எண், பெயர்ப் பலகை எல்லாமே அழிந்துவிடும். அதனால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வராது என்று நாங்கள் மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

கோயம்புத்தூரில் எங்கள் அலுவலகம். மொத்தம் பதினோரு பேர். நாற்பத்தெட்டு வயதில் நான்தான் அங்கே மூத்தவள். முதலாளி நித்திலனுக்கு முப்பத்தொன்று. நல்ல பையன், பயனர் எண்ணிக்கையைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவன் கண் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். முப்பது நாளும் கோலப் போட்டி. விடியற்காலையில் தெருத்தெருவாகப் போய் வாசல் கோலங்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கோலம் போட்டவருக்கும் பாயிண்ட், எடுத்தவருக்கும் பாயிண்ட். போட்டி என்று வந்துவிட்டால் நம் மக்கள் சும்மா இருப்பார்களா?

“மேடம், ஒரே ஆளு அஞ்சு வாசல்ல போட்டுக் குடுக்குறாங்க, அஞ்சும் ஜெயிக்குதுங்க,” என்று நித்திலன் ஐப்பசியிலேயே புலம்பினான். “போன வருஷம் ஒரு அம்மா பன்னெண்டு வாசல் போட்டாங்களாம். எப்படிங்க பிடிக்கறது?”

“கையை வெச்சுப் பிடிக்கலாம்,” என்றேன்.

“கைரேகைங்களா?”

“இல்லைங்க. கோலம் போடற கை. கையெழுத்து மாதிரிதான். விரலிடுக்குல மாவு விழற வேகம் ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. எந்த வளைவுல கை தயங்கும், கோட்டை எங்க தொடங்கி எங்க முடிப்பாங்க, எல்லாம் பழக்கம். கோலத்தை மாத்தலாம், கையை மாத்த முடியாது.”

நித்திலன் எழுந்து நின்று கை தட்டினான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பதினோரு லட்சம் கோலப் படங்களை இயந்திரத்துக்கு ஊட்டி, இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி, ‘அதே கை’ என்ற வசதியைச் செய்து முடித்தேன். ஒரு கோலத்தைத் தொட்டால் போதும். அதே கை வேறு எங்கெங்கே கோலம் போட்டிருக்கிறது என்று, கடைசியாக எடுத்த படம் முதலில் வரும்படி, எண்களோடு பட்டியல் வந்துவிடும். மார்கழி எட்டாம் தேதி முதல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று ஒரு வாரம் முன்பே ஊரெல்லாம் விளம்பரம் செய்தோம்.

மார்கழி ஒன்றாம் தேதி முதல் படத்தை நான்தான் ஏற்றினேன். என் வீட்டு வாசல்.

கோலம் என்னுடையது இல்லை. நான் போட்டால் கோழி கிளறியது போல இருக்கும். போட்டவள் வடிவு. எட்டு மாதமாக அவளும் அவள் கணவன் எபனேசரும் என் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அவன் பம்பு செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அவள் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைப்பாள். தென்காசிப் பக்கத்துப் பெண், சாதி விட்டுச் சாதி செய்துகொண்ட கல்யாணம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்காமல் இருப்பது நாகரிகம் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

படம் எடுக்குமுன் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

“எக்கா, நான் அதுல இல்லல்லா?” என்றாள், கோலப்பொடி டப்பாவோடு படியில் ஒதுங்கி நின்றபடி.

“நீ இல்ல கண்ணு. கோலம் மட்டுந்தான்.”

“அப்ப எடுத்துக்கோங்க,” என்று சிரித்தாள்.

மார்கழி பன்னிரண்டாம் தேதி. அலுவலகத்தில் நித்திலன் என் மேசைக்கு வந்தான். “ஒரு கணக்கு மட்டும் ‘அதே கை’யைப் போட்டுப் பிழியுதுங்க மேடம். நாலு நாள்ல முன்னூத்தி நாப்பது தேடல். அத்தனையும் ஒரே கோலத்தை வெச்சு. யாரோ நம்ம வசதியைத் திருடப் பாக்கறாங்களா?”

கணக்கின் பெயர் ‘வாசல் ரசிகன்’. தேடிய கோலம், மூன்று வருடத்துக்கு முந்தைய பொங்கல் படம். அகலமான வாசலில் பெரிய ரதக் கோலம். ஓரத்தில் முகம் அழிக்கப்பட்ட ஒரு பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். எண்கள் 8.9712, 77.4196. இந்த ரசிகருக்கு அப்படி என்ன ரசனை என்று நானும் அந்தக் கோலத்தைத் தொட்டேன்.

இருபத்துநான்கு இடங்கள் வந்தன. மேலே புதியவை: திண்டுக்கல், பழநி, கரூர், மேலூர். கடைசியில் பழையது ஒன்று. 11.0027, 77.0281.

அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். தினமும் காலையில் அந்தச் சதுரத்தில் நின்றுதான் பால் பாக்கெட் வாங்குகிறேன்.

தென்காசிப் பக்கத்து வாசல், என் வாசல், ஒரே கை. யாரோ நான்கு நாளாக வடிவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் முகத்தை அழித்துவிட்டு அவள் விலாசத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் வாசல் படத்தை உடனே அழித்தேன். மற்ற இருபத்துமூன்றையும் பார்த்தபோது ஒன்று புரியவில்லை. எல்லாம் கடந்த ஒரு வாரத்தில் எடுத்தவை. வடிவு ஒரு வாரமாகத் தெருமுனையைத் தாண்டவில்லை. என் இயந்திரம் உளறியிருக்கிறது என்று முடிவு செய்தேன். உளறினால் உடனே பிழைப் பட்டியலில் எழுத வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். இருபது வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே எழுதிவிட்டன: ‘அதே கை: வெவ்வேறு ஆட்களை ஒரே ஆளாகக் காட்டுகிறது. அவசரம்.’ உதாரணமாக அந்த ரதக் கோலத்தையும் இணைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

வடிவு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கைபேசியை அவள் முன்னால் நீட்டினேன்.

“இது யாரு வீட்டு வாசல் கண்ணு?”

பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “எங்க வீடு. நான் போட்ட ரதம். உங்க கைல எப்படிக்கா?”

சொன்னேன். விளையாட்டு, எண்கள், கை, பட்டியல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் அருவருப்பாக இருந்தது. முடித்ததும், “எங்க அண்ணன்மாருதான்,” என்றாள். “ரெண்டு பேரு. எங்க கண்ணுல பட்டாலும் முடிச்சிருவோம்னு எங்கப்பா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிருக்கானுவ.”

“போலீசுக்குப் போலாம் வா.”

“போனோம்க்கா, கல்யாணமான அன்னைக்கே. அங்க எழுதிக் குடுத்த விலாசம் மறுநா அண்ணன் கைல இருந்துச்சு. அதுக்கப்புறம் நாங்க யார்ட்டயும் விலாசம் குடுக்கதில்ல.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் என்னைத்தான் சொன்னது.

“ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு,” என்றேன், எதையாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று. “மிஷின் தப்புத் தப்பா இருபத்துமூணு ஊரைக் காட்டிருச்சு. அவங்க மேல இருந்து ஒவ்வொரு ஊரா அலைஞ்சிட்டு இருப்பாங்க. நம்ம வீடு கடைசிலதான் இருந்துச்சு.”

“எங்க, காட்டுங்க.”

ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பழநியில் ஒரு மருந்துக்கடை வாசல். கரூரில் யாரோ வீட்டுக் கேட்டுக்கு முன்னால். மேலூரில் ஒரு பிள்ளையார் கோயில் படி. ஏழாவது படத்தில் அவள் விரல் நின்றது. படத்தைப் பெரிதாக்கினாள்.

“மிஷின் தப்பு பண்ணலக்கா. இது எங்கம்மா.”

“அம்மாவா? உன் கைன்னுல்ல காட்டுது?”

“நான் பீச்சாங்கைக்காரி. சின்னதுல பீச்சாங்கையால வாசல்ல கோலம் போட்டா குடும்பம் வெளங்காதுன்னு எங்கம்மா முட்டியில கரண்டியால அடிப்பா. எனக்கு வரல, விட்டுட்டா.” அவள் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள். “இந்த நடுக்கத்தைப் பாருங்க. சோத்தாங்கைக்காரி பீச்சாங்கையால போட்டது. வளைவெல்லாம் நான் வளைக்க மாதிரியே வளைச்சிருக்கா. கூட உக்காந்து இருபது வருஷம் பாத்தவளுக்குத்தான் இது வரும்.”

வடிவு மெதுவாக யோசித்து யோசித்து அதை அடுக்கினாள். ஒன்றாம் தேதியிலிருந்தே அண்ணன்மார் கோலப் படங்களை இறக்கி, சாயங்காலமானால் அம்மாவிடம் காட்டி, “இது அவ போட்டதா, பாரு” என்று கேட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கோலம் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். என் வாசல் படத்தையும் காட்டியிருப்பார்கள். அவள் பார்த்த பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டு, “இல்லை” என்று சொல்லியிருப்பாள். பிறகு எங்கள் விளம்பரம் வந்தது. எட்டாம் தேதிக்குமேல் அண்ணன்மாருக்கு அம்மாவின் கண் தேவைப்படாது. அதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள்.

“ஒத்தையில எப்படிக் கண்ணு விட்டாங்க?”

“மார்கழியில கோயில் கோயிலாப் போறேன், வேண்டுதல்னு சொன்னா யாரு தடுப்பா? மக கெடைக்கணும்னு வேண்டுதல்னுகூடச் சொல்லிருப்பா.” வடிவு சிரிக்கப் போனாள்; அது அழுகையாக வந்தது. “வெள்ளன எந்திரிச்சு யாரு வீட்டு வாசல்லயோ குனிஞ்சு கோலம் போட்டா, யாரும் என்னன்னு கேக்க மாட்டாவல்லா. ஒரு நாளைக்கு மூணு ஊரு அலைஞ்சிருக்காளே, எங்கம்மா தென்காசியத் தாண்டித் தனியாப் போனதே இல்லக்கா.”

அன்று மத்தியானமே எபனேசர் ஒரு சின்ன வேன் பிடித்து வந்தான். ஓசூரில் அவனுக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருந்தது. தையல் மெஷினும் இரண்டு பெட்டியும்தான் அவர்கள் குடும்பம். “அங்க போய் வாசல்ல ஒரு புள்ளிகூட வைக்காத,” என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் நித்திலனிடம் போய் நின்றேன். ‘அதே கை’யை இன்றே எடுத்துவிட வேண்டும் என்றேன். முழுக்கக் கேட்டான்; நிஜமாகவே பதறினான். பிறகு அவனுக்குப் பயனர் எண்ணிக்கை ஞாபகம் வந்தது.

“இருபத்தெட்டு லட்சம் பேர் அதுக்காகத்தான் உள்ளயே வர்றாங்க. பொங்கல் வரைக்கும் தொட முடியாதுங்க மேடம். உங்க வீட்டுப் படத்தை எடுத்தாச்சு, அந்தப் பொண்ணும் ஊரை விட்டுப் போயிட்டாங்க. அப்புறம் யாருக்குங்க ஆபத்து?”

நான் இன்னும் கத்தியிருக்கலாம். வேலையை உதறியிருக்கலாம். செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: அந்தப் பட்டியல் எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த நாள் காலை தேடினேன். புதிதாக ஒன்று வந்திருந்தது, தாராபுரம். வடிவின் புது எண்ணுக்குப் படத்தை அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அழைத்தாள்.

“எக்கா, நல்லாருக்காக்கா! இன்னைக்குச் சிக்குக் கோலம் போட்டிருக்கா. நடுக்கம் கொறைஞ்சிருக்கு, பாத்தீங்களா?”

அதன்பிறகு அது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு அவள் அழைப்பாள். “இன்னைக்கு அம்மா எங்க?” என்று கேட்பாள். நான் ஊர் பெயரைச் சொல்லிப் படத்தை அனுப்புவேன். துறையூர். ஆத்தூர். ராசிபுரம். எந்த வீட்டு வாசல், என்ன கோலம், எத்தனை இழை என்று பேசுவோம். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் எந்த பஸ்ஸில் ஏறியிருப்பாள், எங்கே சாப்பிட்டிருப்பாள் என்றெல்லாம் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். ‘வாசல் ரசிகன்’ தினமும் தேடினான். தினமும் அவனுக்கு முன்னால் ஒரு புது ஊர் முளைத்தது. என் இயந்திரத்தை அந்த அம்மாள் ஒரு கோலப்பொடிப் பையை வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மார்கழி இருபத்தாறாம் தேதி நித்திலன் ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

“உங்க பிழையைச் சரி பண்ணியாச்சுங்க மேடம்!”

“எந்தப் பிழை?”

“நீங்க எழுதி வெச்சதுதாங்க. வெவ்வேறு ஆளை ஒரே ஆளாக் காட்டுதுன்னு. பசங்க ரெண்டு வாரமா அதுலயே உக்காந்து முடிச்சுட்டாங்க. பிறவியிலயே இடது கைப் பழக்கம் இருக்கறவங்களையும், வேணும்னே இடது கையால போடறவங்களையும் இப்ப சூப்பராப் பிரிச்சிடுதுங்க.” திரையைத் திருப்பிக் காட்டினான். “நீங்க குடுத்த உதாரணத்துலயே பாருங்க. இந்த முப்பத்தொம்போதும் வேற ஒரு ஆள். அந்த ஆளோட வலது கைக் கோலம் எங்க இருக்குன்னு பாருங்க, அந்த முதல் வாசல்லயேங்க! அதே வீடு!”

8.9712, 77.4196.

“எப்ப வெளில விட்டீங்க?” என்று கேட்டேன்.

“நேத்துக் காலைலங்க.”

“அய்யோ,” என்றேன். அய்யோ, அய்யோ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நித்திலன் இனிப்புப் பெட்டியைப் பிடித்தபடி நின்றான். பன்னிரண்டாம் தேதி நான் சொன்ன கதை அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் முகமும் மாறியது. திருத்தத்தைத் திரும்பப் பெறச் சொல்லிக் கத்தினான். பசங்க ஓடினார்கள். ‘வாசல் ரசிகன்’ நேற்று மாலை ஒரே ஒரு முறை தேடியிருந்தான். அதன்பிறகு தேடவே இல்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, திருநீறு, அடக்கமான பேச்சு. ஒருவன் கையில், என் வாசல் படத்தை நான் அழிக்குமுன் எடுத்த பழைய பட்டியல் இருந்தது.

“மாடி வாடகைக்குன்னு கேள்விப்பட்டோம்க்கா.”

“இல்லீங்க. குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. நான் யாருக்கும் விடறதா இல்ல.”

“எங்க போனாவன்னு தெரியுமா?”

“வாடகைக்கு வந்தவங்க எங்க போறாங்கன்னு யாருங்க கேக்கறா?”

சிறியவன் வாசலைப் பார்த்தான். “மார்கழியில கோலம் இல்லியே?” என்றான். திட்டாமல், முறைக்காமல், அக்கறையாகக் கேட்டான். கதவைச் சாத்திய பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, “உங்கம்மா எங்க இருக்காங்க?” அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இருபத்தேழாம் தேதிக்குப் பட்டியலில் புது ஊர் இல்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பதிலும் இல்லை. வடிவு அழைத்தபோது, “அந்தப் பக்கமெல்லாம் மழை கண்ணு, கோலம் நிக்கலயாட்ட இருக்குது” என்றேன். “ஓ” என்றாள்.

மாவட்ட உதவி எண் ஒன்றைக் கூப்பிட்டேன். ஒரு வயதான பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றேன். பெயர் கேட்டார்கள், வடிவின் பெயரை இழுக்காமல் அதைச் சொல்ல முடியாது. ஆதாரம் கேட்டார்கள். மூன்று நாளாக எந்த ஊரிலும் கோலம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

பிறகு எங்கள் விளையாட்டு எதற்காக இருக்கிறதோ அதையே செய்தேன். புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, அந்த எண்களைக் கொடுத்து, “இந்தத் தெருவின் பொங்கல் கோலங்களைப் பார்க்க ஆசை” என்று எழுதினேன். பொங்கலன்று காலை ஆறே முக்காலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் அங்கே போய் நின்று எடுத்து அனுப்பினார்.

தெரு முழுக்க வண்ணக் கோலம். இடது பக்கத்து வீட்டில் பொங்கல் பானை, வலது பக்கத்து வீட்டில் கரும்பு. நடுவில் அந்த அகலமான வாசல் வெறுமையாகக் கிடந்தது. பந்தல் போட்டுப் பிரித்த இடத்தில் நான்கு குழிகள். சுவரோரம் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆளின் தலை மழிக்கப்பட்டிருந்தது. முகத்தை எங்கள் இயந்திரம் ஒழுங்காக அழித்திருந்தது. படத்தின் கீழே, ‘இந்தத் தெருவில் கோலமில்லாத ஒரே வாசல். அரிய சதுரம். ஐம்பது பாயிண்ட்!’ என்று எழுதியிருந்தது. அந்த வரியை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள்தான்.

சாவு விழுந்த வீட்டில் கோலம் போட மாட்டார்கள். யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று எந்தப் படமும் சொல்லாது. மகளை வரவழைக்க அவர்கள் கட்டிய நாடகமாகவும் இருக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. கோலம் போட்டிருந்தால் யார் கை என்று சொல்லியிருப்பேன். போடாத கோலத்தில் நான் எந்தக் கையைத் தேடுவது?

கைபேசி அடித்தது. மணி ஏழு.

“பொங்கல் வாழ்த்துக்கா! இன்னைக்கு அம்மா எங்க?”

சொன்னால் அவள் போவாள். போனால் திரும்பி வர மாட்டாள். நான் அந்த வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டே, “ஸ்ரீரங்கம்” என்றேன்.

“படம் அனுப்புங்கக்கா.”

“கொஞ்சம் பொறு கண்ணு, நெட் கெடைக்கல.”

ஒரு கையை முழுசாகத் தெரிந்துகொண்ட இயந்திரத்துக்கு அந்தக் கையால் வரையவும் தெரியும். நான்கு நொடிதான் ஆனது. ஸ்ரீரங்கத்தில் யாரோ வீட்டு வாசலில், அந்த அம்மாளின் இடது கை போட்ட பொங்கல் பானைக் கோலம், அதே நடுக்கத்தோடு வந்து நின்றது. அதை அனுப்பினேன்.

“அழகா இருக்குக்கா,” என்றாள் வடிவு.

மறுநாள் கும்பகோணம். அடுத்த நாள் மன்னார்குடி. மார்கழி போட்டி முடிந்ததும் நித்திலன் ‘அதே கை’யை எடுத்துவிட்டான், அதன் ஒரு பிரதி மட்டும் என் கணினியில் இருந்தது. தினமும் காலையில் எழுந்து, செத்துப்போன ஒருத்தியைப் புது ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளாவது பெற்ற மகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. பொங்கலிலிருந்து பத்தாம் நாள் ஓசூருக்குப் பஸ் ஏறினேன்.

பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வாசல் தெளித்து வெறுமையாக இருந்தது. கோலம் போடாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வடிவு இளைத்திருந்தாள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“கண்ணு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“சொல்லாதீங்கக்கா.”

“இல்ல சாமி, இது…”

“எபி போன்ல நானும் அந்த விளையாட்டைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க வீட்டு நம்பர் எனக்குத் தெரியும்லா. பொங்கலன்னைக்கு உங்களுக்குக் கூப்பிடறதுக்கு முந்தியே பாத்துட்டேன்.”

பத்து நாள். பத்து ஊர். ஒவ்வொரு படத்துக்கும் அவள் சொன்ன அழகா இருக்கு, நல்லாருக்கா, இன்னைக்குக் கோடு நேரா வந்திருக்கு.

“அப்புறம் ஏன் கண்ணு தெனமும் அம்மா எங்கன்னு கேட்டே?”

“நீங்க வாயைத் தொறந்து சொல்லிட்டா அது சேதி. சேதி வந்துட்டா பெத்த மக போகாம இருக்க முடியுமா? போனா அங்க நிக்கானுவ.” புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “அவ முப்பத்தொம்பது ஊரு அலைஞ்சது நான் அங்க போகக் கூடாதுன்னுதான. அதான் சேதி வராமப் பாத்துக்கிட்டேன். நீங்க நல்லாப் பொய் சொன்னீங்கக்கா.”

“அது வெறும் நாடகமாக்கூட இருக்கலாம். அம்மா உசுரோட…”

“இருக்கலாம். அப்பவும் நான் போகக் கூடாதுல்லா.”

நான் அழுதேன். அவள் அழவில்லை, எழுந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். என்னால் வந்த வினைக்கு அவள் என்னைத் தேற்றுகிறாள் என்று நினைத்தபோது இன்னும் அழுகை வந்தது. பிறகு அவள்தான் கேட்டாள்.

“நாளைக்கு எந்த ஊரு வச்சிருக்கீங்க?”

“இன்னும் யோசிக்கல.”

“இங்க வரச் சொல்லுங்க.”

“ஓசூருக்கா? வேண்டாம் கண்ணு, யாராச்சும்…”

“வெளிய காட்ட வேண்டாம். எனக்கு மட்டும். எல்லார் வாசல்லயும் போட்டா, ஒரு நா எங்க வாசல்ல போட்டுட்டுப் போகட்டும். அதோட போதும். அப்புறம் நீங்க அனுப்ப வேண்டாம்.”

வெளியே போனேன். வாசலுக்கு நேராகத் தெருவில் நின்றேன். கைபேசித் திரையில் எண்கள் ஓடி, ஓரிடத்தில் நின்றன. அந்த வெறும் தரையைப் படம் எடுத்தேன். வடிவு நிலைப்படியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய கோலம் வேண்டாம்க்கா,” என்றாள். “சின்னதாப் போதும். அவளுக்கு ரொம்ப நேரம் குனிய முடியாது.”